ஒம்பதாவது வேட்டு

தம்பி, சித்த இந்தப் பக்கமா வந்து உக்காருங்க. சோத்தாங்கைப் பக்கம். இந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒரே எரைச்சலுங்க, இந்தப் பக்கம் இருந்தாத்தான் நீங்க பேசறது தெளிவா இருக்கும். அப்படியே என்ற மூஞ்சியப் பாத்து உக்காருங்க. ஆ, இப்பச் செரி.

மடியில இருக்கறது உங்க கொழந்தைங்களா? நல்ல புள்ளைங்க. வந்ததுல இருந்து பாக்கறேன், ஒரு சத்தம் போடறதில்ல. வாயை மட்டும் தொறந்து தொறந்து மூடுது, தூக்கம் வந்துருச்சாட்ட இருக்குது. என்னங்க? அழுவுதுங்களா? அட ஆமா, கண்ணுல தண்ணி. நான் கவனிக்கலீங்க. எரைச்சல்னு சொன்னனில்லீங்க.

நீங்க அந்த டெஸ்ட் ரூமுக்குள்ள இருந்துதானே வந்தீங்க? உள்ள என்னதான் பண்றாங்க? மெதுவா, வாயை நல்லாத் தொறந்து சொல்லுங்க. காதுல ஒண்ணை மாட்டி உடறாங்க. செரி. கையில ஒரு பட்டன் குடுக்கறாங்க. செரி. சத்தம் கேட்டா அமுக்கோணும், கேக்காட்டி சும்மா இருக்கோணும். அவ்வளவுதானுங்களா? அந்தச் சத்தத்தை ஆரு உடறது? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா உக்காந்திருக்குதா. அந்தம்மா சத்தம் உடறப்ப அவங்க கை அசையறது நமக்குத் தெரியுமுங்களா?

ஏஞ் சிரிக்கறீங்க? செரி, சிரிங்க. திருட்டுத்தனந்தான், இல்லீங்கல. என்ற மக டோக்கன்ல சீல் வாங்கப் போயிருக்கறா, அவ வர்றதுக்குள்ள சொல்லிப்போடறேன். எனக்குக் காது நல்லாக் கேக்குதுன்னு இன்னைக்குக் காயிதத்துல வரோணும். கேக்கலீன்னு வந்துச்சுன்னா என்ற மக மூஞ்சில நான் முழிக்க முடியாது. அவ்வளவுதான் விசயம்.

குவாரியில முப்பத்தி நாலு வருசமுங்க நான். சென்னிமலைன்னு என்ற பேரைச் சொல்லிக் காங்கயம் பக்கம் எந்தக் கல்லுக்குழியில கேட்டாலும் சொல்லுவாங்க. மொதல்ல சம்மட்டி. ஒரு வருசம் கையில தோலு நிக்காது, அப்புறம் நின்னுக்கும். அதுக்கப்புறம் கம்ப்ரசரு மிசினு. அதைப் புடிச்சு நெஞ்சைக் குடுத்து அமுக்கித் தமர் போடோணும். மருந்து வெக்கறதுக்குப் பாறையில ஆழமாத் தொளை போடறமில்லீங்க, அதுக்குத் தமர்னு பேரு. பதினேழு வருசம் போட்டேன். காதுல பஞ்சு வெச்சுக்கடான்னு மேஸ்திரி சொல்லிட்டே இருப்பாரு. பஞ்சை வெச்சா மிசினு கல்லைக் கடிக்குதா, பொடியில சுத்துதான்னு எப்படித் தெரியும்? நான் வெக்கல. வூட்டுக்கு வந்தாலும் காதுக்குள்ள மிசினு ஓடிட்டேதான் இருக்கும். எங்கூட்டுக்காரி உசுரோட இருந்தப்ப அவகிட்டச் சொல்லுவேன், மழை பேயறாப்புல இருக்குது புள்ளைன்னு. அதெல்லாம் காதுக்குக் கெடுதல் இல்லீங்க. மழைச் சத்தம் ஆருக்குக் கெடுதல் பண்ணுது?

என்னங்க? ஆமா, இப்பவும் பேஞ்சுட்டுத்தான் இருக்குது.

அதுக்கப்புறம் எனக்கு எண்ணற வேலை குடுத்தாங்க. எண்ணறதுன்னா சாதாரண வேலைன்னு நெனைச்சுக்காதீங்க. ஒம்பது தமர் போட்டா ஒம்பதுலயும் மருந்தை அடைச்சுத் திரி உடுவோம். திரி ஒண்ணைவிட ஒண்ணு ஒரு சாண் நீளமா இருக்கும். அப்பத்தான் ஒண்ணு வெடிச்சு, சித்த நேரங்கழிச்சு அடுத்தது வெடிக்கும். ஒண்ணுசேந்து வெடிச்சா எண்ண முடியாதில்லீங்க. செகப்புத் துணியக் கட்டிப்போட்டு, 'வேட்டு... வேட்டு...'ன்னு நாலு பக்கமும் கத்திப்போட்டு, பத்த வெச்சுட்டு மேல ஓடியாந்துருவோம். ஒரே ஒருத்தன்தான் எண்ணோணும். மத்தவங்க மனசுக்குள்ள எண்ணிக்கலாம், வாயத் தொறக்கப்படாது. ஒருத்தன் ஏழுங்கறான், இன்னொருத்தன் எட்டுங்கறான்னா ஆரை நம்பறது? வெச்சது ஒம்பதுன்னா ஒம்பது வெடிக்கோணும். எட்டுத்தான் வெடிச்சுதுன்னா உள்ள ஒண்ணு உசுரோட கெடக்குதுன்னு அர்த்தம். அன்னைக்கு ஆரும் எறங்கப்படாது, வேலை நின்னு போகும். எண்ணிக்கை செரியா இருந்தா நான் 'வேட்டு முடிஞ்சுது'ன்னு சொல்லோணும். சொல்லிப்போட்டு மொதல்ல நான்தான் எறங்கோணும். எங்க குவாரி வழக்கம் அது. எண்ணுனவன் காலுதான் மொதல்ல கீழ படோணும்.

அது நல்ல வழக்கமுங்க தம்பி. அதை ஏற்படுத்துனவன் புத்திசாலி. தன்ற உசுரை வெச்சு எண்ணறவன் தப்பா எண்ணமாட்டான்.

பதினொரு வருசம் எண்ணுனேன். ஒருத்தனுக்கு ஒரு கீறல் பட்டதில்ல. எண்ணறதுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டிப்போட்டு, வெறுங்காலோட பாறை மேல நிப்பேன். கருப்பராயனை நெனைச்சுக் கும்பிட்டுட்டு எண்ணறாருன்னு பசங்க பேசிக்குவாங்க. நானும் பேசிக்கட்டும்னு உட்டுட்டேன். சாமிக்கு இல்லீங்க அது. வெறுங்காலோட நின்னா வேட்டு உள்ளங்காலுக்கு வரும். தொம்முனு வந்து மொழங்கால் வரைக்கும் ஏறும். கடைசி நாலஞ்சு வருசமாக் காலுலதான் எண்ணுனேன். காது கேக்காததுனால இல்லீங்க. காது கேட்டுச்சு. என்னமோ, காலு இன்னும் நல்லாச் சொல்லுச்சு. அதை ஆருகிட்டயும் நான் சொல்லல. கேட்டாத்தானே சொல்றதுக்கு.

என்ற மாப்ள கனகராசும் அங்கதான் தமர் போட்டுட்டு இருந்தான். எனக்கு ஒரே மக, கோகிலா. அவளை அவனுக்குக் குடுத்தேன். நானாப் பாத்துத்தான் குடுத்தேன், ஆரும் சொல்லிக் குடுக்கல. குடியில்ல, பீடியில்ல. மத்தியானம் நான் வந்து உக்காராம சோத்துத் தூக்குப்போசியத் தொறக்க மாட்டான். என்னைப் பொறவால இருந்து ஆராவது கூப்புட்டா, அவன் வந்து என்ற கையைத் தொடுவான். "மாமா, மேஸ்திரி கூப்புடறாருங்க"ம்பான். கூட்டத்துல பேசறப்ப ஆரு என்ன சொன்னாலும், எனக்கு நேரா நின்னு அவனும் ஒருக்காச் சொல்லுவான். "ஏனுங் மாமா, இவன் நாளைக்கு லீவாமுங்க"ன்னு. நான் மரியாதைன்னு நெனைச்சேன். மாமனாருக்கு மாப்ள தர்ற மரியாதைன்னு.

அவனுக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு இப்பத் தோணுதுங்க.

போன தை மாசம், பொங்கல் முடிஞ்சு ஏழாம் நாளு. ஒம்பது தமர். மத்தியானச் சோத்துக்கு முன்னாடி பத்த வெச்சோம். மேல கனகராசு போக நாங்க எட்டுப் பேரு நிக்கறோம். நான் செருப்பைக் கழட்டிட்டேன். ஒண்ணு வந்துச்சு. ரெண்டு, மூணு, அப்படியே எட்டு வரைக்கும் வரிசையா வந்துச்சு. அப்புறம் ஒண்ணுமில்ல. நான் நிக்கறேன். பொகைதான் வருது. சித்த நேரங்கழிச்சு ஒம்பது வந்துச்சு. மெத்துனுதான் வந்துச்சு, ஆனா வந்துச்சு. என்ற காலுக்குத் தெரியாதுங்களா? 'வேட்டு முடிஞ்சுது'ன்னு கத்துனேன்.

கத்திப்போட்டுத் திரும்பறேன், கனகராசு எனக்கு நேரா வந்து நிக்கறான். "மாமா, எட்டுத்தானுங்களே?"ன்னான்.

ஏழு பேரு முன்னால. எண்ணறவனைத் தவுத்து ஆரும் வாயத் தொறக்கப்படாதுங்கறது அவனுக்குத் தெரியாதா? அத்தனை பேரும் என்ற மூஞ்சியப் பாக்கறாங்க. அப்புறம் அவன் அவசரப்பட்டு எறங்கிட்டான். எளவயசு, பொறுமையில்ல. பாதி தூரம் போயிருப்பான். திரி உள்ளுக்குள்ள பொகைஞ்சுட்டே கெடந்துருக்குது.

அந்த ஒண்ணு மட்டும் எனக்குக் காதுலயே கேட்டுச்சுங்க தம்பி.

தண்ணி வேண்டாமுங்க. இருக்கட்டும்.

போலீசு வந்து கேட்டாங்க. எத்தனைய்யா வெடிச்சுதுன்னு. ஒம்பதுன்னு சொன்னேன். ஒம்பது வெடிச்சுதுன்னா அப்புறம் வெடிச்சது எதுய்யான்னாங்க. அது எனக்கு எப்படித் தெரியும், ஆராவது ஒரு தமர் கூடப் போட்டிருப்பாங்கன்னு சொன்னேன். எங்கூட நின்ன ஏழு பேரும் ஒண்ணும் சொல்லல. ஒரு வார்த்தை என்னைத் திட்டல தம்பி. ரெண்டு அறை அறைஞ்சிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. கருமாதியன்னைக்கு டிப்பர் ஓட்டறவன் வந்து என்ற கையைப் புடிச்சுட்டு அழுதான். "பெரியவரே, வேட்டுப் போட்டுட்டு இருக்கறப்ப கிரஷர்கிட்ட நான் ஒரு லோடு கல்லைக் கொட்டிப்போட்டனுங்க, முடிஞ்சுதுன்னு நெனைச்சுப்போட்டனுங்க"ன்னான். பூராப் பெரிய பெரிய கல்லு. அது உழுந்தா நெலம் அதிராதா, அதிரும். "போடா, உன்ற லாரிக்கும் வேட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நானு"ன்னு அத்தனை சனத்துக்கு முன்னால அவனைத் தொரத்தி உட்டேன்.

கோகிலா எங்கூட்டுக்கே வந்துட்டா. இப்பப் பனியன் கம்பெனிக்குப் போறா, கைமடிக்கற வேலை. வந்த பொறவு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "அப்பா, அன்னைக்கு எத்தனை கேட்டுதுங்க?" ஒம்பதுன்னேன். ஒரு வாரங்கழிச்சு மறுபடியும் கேட்டா. ஒம்பதுன்னேன். அவ கத்திக் கேக்கறதில்ல. பேச்சே இப்ப ரொம்ப மெதுவாயிருச்சு. வேணும்னே மெதுவாப் பேசறாளோன்னு எனக்கு ஒரு நெனப்பு. மொணமொணன்னு வாயசைக்கறா, நான் ம்ம்னு சொல்லி வெக்கறேன். சில சமயம் ம்ம்னு சொல்லக்கூடாத எடத்துல சொல்லிடுவனாட்ட இருக்குது, அப்படியே என்னைப் பாத்துட்டு நிப்பா.

போன ஞாயித்துக்கெழமை என்ன பண்ணுனான்னா, சமையக்கட்டுக்கும் நான் உக்கார்ற முன்னாசாரத்துக்கும் நடுவுல நின்னுட்டு, என்ற மூஞ்சிக்கு நேரா, "அப்பா, குக்கர் எத்தனை விசிலுங்க வந்துச்சு?"ன்னா. நான் சேர்ல உக்காந்திருந்தேன். நமக்குத்தான் எண்ணறது பழக்கமாச்சே. "மூணு அம்மிணி, எறக்கிரு"ன்னேன்.

அவ உள்ள போகல. அப்படியே சொவத்துல சாஞ்சு கீழ உக்காந்துட்டா. நான் எந்திரிச்சுப் போய்ப் பாக்கறேன், அடுப்பே பத்த வெக்கலீங்க. குக்கரு கழுவிக் கவுத்துன படிக்குத் தொட்டிமேல கெடக்குது.

ஏமாத்திப்போட்டாளேன்னு எனக்குக் கோவம் வந்துச்சு. ஆனா அவ அழுகறா தம்பி. புருசன் பொணத்து மேல உழுந்து அழுதப்பக்கூட நான் அவளைப் பாக்கல, வேற பக்கம் திரும்பிட்டேன். இப்பத் திரும்பறதுக்கு எடமில்ல, சின்னச் சமையக்கட்டு. என்ற ரெண்டு கன்னத்தையும் புடிச்சு அவ பக்கம் திருப்பிக்கிட்டா. மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா, உதட்டைக் காட்டிச் சொன்னா. "காது கேக்கறதில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. நான் மனசை ஆத்திக்குவேன். வேறொண்ணும் கேக்கமாட்டேன்."

நான் என்ன சொன்னேன்னு நெனைக்கறீங்க? "எனக்கெல்லாம் நல்லாத்தான் கேக்குது, நீ மொதல்ல சோத்தை வெய்யி"ன்னேன். மறுநாள் அவ லீவு சொல்லிப்போட்டு வந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கிட்டா.

ஏன் சொல்லக்கூடாதுங்கறீங்களா? நீங்களும் அவளாட்டவே பேசறீங்க. எப்படிங்க சொல்றது? கேக்காதுன்னு சொன்னா, கேக்காதுன்னு தெரிஞ்சேதானே அந்த எடத்துல நின்னு எண்ணுனீங்கன்னு கேப்பா. தெரிஞ்சேதானே அவரை எறக்கி உட்டீங்கன்னு கேப்பா.

ஆமா. எறக்கித்தான் உட்டேன்.

மொதல்ல உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேன் தம்பி. அவன் அவசரப்பட்டெல்லாம் எறங்கல. அவன் எட்டுத்தானுங்களேன்னு கேட்டான். எனக்கு மண்டைக்கு ஏறிப்போச்சு. "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே குவாரிக்கு வந்தவன்டா நானு. சந்தேகமா இருந்தா நீயே போய்ப் பாத்துட்டு வா"ன்னேன். எண்ணுனவன் காலுதான் மொதல்ல படோணும். நான் நின்னுட்டேன், அவன் போனான். என்ற செருப்பு குறுக்க கெடந்துச்சு, அதை எடுத்து ஓரமா வெச்சுப்போட்டு எறங்குனான்.

பாதியில நின்னு திரும்பி என்னைப் பாத்தான். கையைத் தூக்கி என்னமோ சொன்னான். வாய் அசைஞ்சுது. எல்லாருக்கும் கேட்டுருக்கும், மேல எட்டுப் பேரு நின்னம். எனக்குக் கேக்கல. என்ன சொன்னேன்னு கேட்டா எனக்குக் கேக்கலீன்னு அத்தனை பேருக்கும் தெரிஞ்சுபோகும். அதனால கையைக் காட்டி, போ போன்னேன்.

அவன் கடைசியா என்ன சொன்னான்னு எனக்கு இன்னமும் தெரியாது. ஆறு மாசமாச்சு. ஆருகிட்டப் போயிக் கேக்கறது? கேட்டா, ஏனுங்க அங்கதானே நின்னீங்கம்பாங்க. 'மாமா, இங்க ஒண்ணு பொகையுது'ன்னு சொன்னானா, 'மாமா, நீங்க வந்துராதீங்க'ன்னு சொன்னானா, கோகிலாவுக்கு ஏதாவது சொன்னானா. ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொண்ணைச் சொன்னதா நெனைச்சுக்குவேன். அவ வாயசைவைப் பாத்து இப்பெல்லாம் பாதி புரிஞ்சுக்கறேன், அந்த வித்தை அன்னைக்கே தெரிஞ்சிருக்கக் கூடாதா? எம் மாப்ளயை நானே கொன்னுட்டு, கடைசிப் பேச்சைக்கூடக் கேக்காம உட்டுட்டேன் தம்பி.

அதனாலதான் கேட்டேன், அந்தம்மா கை அசையுமான்னு. இதா பாருங்க, செருப்பைக் கழட்டித்தான் வெச்சிருக்கறேன். உள்ள போனாலும் வெறுங்காலோட உக்காந்துக்கலாம்னு இருக்கறேன். காதுல மாட்டுற சத்தம் தரைக்கு வருமா வராதான்னு தெரியல. ஒருவேளை வந்துச்சுன்னா...

என்னங்க? எதுக்குங்க கையைத் தொடறீங்க?

ஆரு? என்ற மகளா? எங்க? ஆமா, அதா கதவுகிட்ட நிக்கறா. கையில சீட்டு வெச்சிருக்கறா. எப்ப வந்தா? கூப்புட்டாளா? இல்லீங்களே, கூப்புட்டிருந்தா நான்...

எத்தனை தடவை கூப்புட்டா தம்பி? விரலைக் காட்டுங்க.

மூணு.

எனக்கு ஒண்ணுகூடக் கேக்கலீங்க. காலுக்கும் தெரியல. இல்ல இல்ல, நீங்க மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க, நீங்க சொன்னாச் செரி. காது கேக்கறவன் சொன்னா நம்பத்தானே வேணும். மூணுன்னா மூணுதான்.

அவன் எட்டுன்னான். எட்டாத்தான் இருந்துருக்கும்.

அழுகலீங்க, உடுங்க. கொழந்தை மெரண்டுக்கும். அந்தப் பட்டனைக் குடுத்தாங்கன்னா வாங்கி மடியில வெச்சுக்கறேன், அவ்வளவுதான். அந்தம்மா கையைப் பாக்கமாட்டேன். முடிஞ்சு வெளிய வந்ததும் எம்மககிட்ட ஒண்ணு கேக்கோணும். அவளுக்குத் தெரிஞ்சிருக்கும், கூட நின்னவங்க ஆராவது சொல்லியிருப்பாங்க. உம்புருசன் கடைசியா என்ன சொன்னான் சாமின்னு கேக்கோணும். மூஞ்சிக்கு நேரா நின்னு மெதுவாச் சொல்லு, அப்பனுக்குக் காது கேக்காதுன்னு சொல்லிப்போட்டுத்தான் கேக்கோணும்.

இதா வந்துட்டேன் அம்மிணி. இரு, செருப்பைப் போட்டுக்கறேன்.